ஆர்க்டிக் ஆய்வுக்குப் போகிறீர்களா? முதலில் ஊர்க்காரர்களிடம் பேசுங்கள்

கடற்பனி, திமிங்கிலம், உறைநிலம், உணவுப் பாதுகாப்பு என்று ஏதோ ஒரு தலைப்பில் முதுகலைக்கோ பிஎச்டிக்கோ சேர்ந்து, முதல் முறையாக ஆர்க்டிக் பக்கம் போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அண்டார்டிகாவில் ஆதிக்குடிகள் கிடையாது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கும் ஸ்வால்பார்டு தீவுகளிலும் கிடையாது. அங்கே போய்ப் பழகியவர்களுக்கு அனுமதி என்றால் அரசாங்கக் காகிதம்தான். கனடா, கிரீன்லாந்து, அலாஸ்கா, சாமி என்னும் பூர்வகுடி மக்கள் வாழும் வட ஸ்காண்டிநேவியா, ரஷ்ய வடக்கு என்று போனால் கதையே வேறு. நீங்கள் ஆளில்லாத வெண்பரப்பு என்று நினைக்கும் இடம் ஒருவர் சீல் பிடிக்கும் இடமாகவும் இன்னொருவரின் பாட்டி பிறந்த இடமாகவும் இருக்கும்.

எல்லா நாட்டையும் ஒரே கட்டுரையில் அடைக்க முடியாது. கனடாவின் நுனாவுட் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 1993 நில உரிமை ஒப்பந்தத்தின் பலனாக 1999 ஏப்ரல் 1 அன்று உருவான நிலப்பகுதி அது. 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. மக்களில் பெரும்பாலோர் ஆதிக்குடிகளான இனுயிட்டுகள். விதிமுறைகள் அங்கே தெளிவாக இருப்பதால் கற்றுக்கொள்ள நல்ல இடம்.

பங்காளி என்ற சொல்லை எல்லா ஆய்வுத் திட்டத்திலும் பார்க்கலாம். அது உண்மையா என்று சோதிக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: நீங்கள் செய்ய நினைப்பதை அந்த ஊர்க்காரர்களால் மாற்ற முடியுமா? முடியாது என்றால் நீங்கள் தகவல் சொல்லிவிட்டு வருகிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் பழைய கணக்கு

போவதற்கு முன்னால் அந்த மண்ணில் ஆய்வு என்ற பெயரில் என்னென்ன நடந்தது என்று படியுங்கள். 1897இல் ராபர்ட் பியரி வட கிரீன்லாந்திலிருந்து ஆறு பேரை நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். நான்கு பேர் சில மாதங்களில் நோயில் இறந்தார்கள். அவர்களின் எலும்புகள் 1993இல்தான் ஊர் திரும்பின. 1950களின் நடுவில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஒன்று, குளிரைத் தாங்கும் உடலமைப்பைப் படிக்கிறோம் என்று, அலாஸ்காவின் பூர்வகுடியினர் 102 பேருக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தது. கொடுப்பது என்னவென்று வாங்கியவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. 1953இலும் 1955இலும் கனடா அரசு கியூபெக் மாகாணத்தின் வடக்கிலுள்ள இனுக்ஜுவாக் பகுதியிலிருந்து இனுயிட் குடும்பங்களைப் பெயர்த்து, ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கியது. மன்னிப்புக் கேட்டது 2010இல். கடைசியாகச் சொன்ன இது ஆய்வுத் திட்டம் இல்லைதான். ஆனால் தெற்கிலிருந்து கோப்போடு வருகிறவரைப் பார்க்கும் பார்வையில் இதுவும் கலந்திருக்கும். முதல் கூட்டத்தில் யாராவது கோபமாகப் பேசினால், அந்தக் கோபம் உங்களுக்கு முன்னால் வந்துபோன எல்லோருக்கும் சேர்த்து. பதில் வாதம் செய்யாமல் கேளுங்கள்.

இதெல்லாம் நியாயம், மரியாதை சார்ந்த விஷயம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு அலாஸ்காவின் போஹெட் திமிங்கிலக் கணக்கைச் சொல்வேன். 1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம், அந்தத் திமிங்கிலம் அதிகபட்சம் இரண்டாயிரம் போலத்தான் மிஞ்சியிருக்கிறது என்ற மதிப்பீட்டை வைத்து, இன்யூப்பியாட் மக்களின் பாரம்பரிய வேட்டைக்குத் தடை போட்டது. ஆய்வாளர்கள் பனி விளிம்பில் நின்று, திறந்த நீர்ப்பாதை வழியாகப் போகும் திமிங்கிலங்களை எண்ணியிருந்தார்கள். வேட்டைத் தலைவர்கள் சொன்னது இது: நீர்ப்பாதை மூடினாலும் அது நிற்காது, கரையிலிருந்து வெகு தூரத்தில் பனிக்கு அடியிலேயே போகும், மெல்லிய பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடும், நீங்கள் எண்ணுவது கண்ணில் படுவதை மட்டும்தான். அவர்கள் சொன்னதையே ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, 1980களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டார்கள். பனிக்கு அடியில் போகும் திமிங்கிலங்களின் குரல் பதிவானது. எண்ணும் முறை மாறியது, மதிப்பீடு ஏறியது. 2001 கணக்கில் பத்தாயிரத்துக்கு மேல், 2011இல் பதினாறாயிரத்துக்கு மேல். இத்தனை ஏற்றமும் எண்ணும் முறையால் வந்ததல்ல, திமிங்கிலக் கூட்டமும் வளர்ந்தது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொன்னவர்கள் வேட்டைக்காரர்கள்.

கேள்வியை மூடிவிட்டுப் போகாதீர்கள்

பெரும்பாலான புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆய்வுக் கேள்வி, முறை, கருவி, கால அட்டவணை எல்லாம் முடிந்து, பணமும் வந்த பிறகு ஊரைத் தொடர்புகொள்கிறார்கள். அப்போது ஊர்க்காரர்களால் எதையும் மாற்ற முடியாது. ஆதரவுக் கடிதம் கொடுக்கலாம், இல்லை கொடுக்காமல் இருக்கலாம். பங்காளித்தனத்தில் மிஞ்சுவது அதுதான்.

மானியத்துக்கு எழுதுவதற்கு முன்பே பேசுங்கள். யாரிடம்? ஒவ்வோர் ஊரிலும் வேட்டையாடுவோர், பொறி வைப்போர் சங்கம் ஒன்று இருக்கும். விலங்கு, மீன், பனி, பயணம் என்று எதைத் தொட்டாலும் முதல் கதவு அதுதான். மனிதர்களைப் பற்றிய ஆய்வு என்றால் ஊராட்சி மன்றமும் உள்ளூர் சுகாதார அமைப்பும். தலைநகர் இக்காலுயிட்டில் நுனாவுட் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இன்ன ஊரில் இன்னாரைக் கேளுங்கள் என்று வழி சொல்வார்கள்.

மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டு, மூன்று வாரமாகப் பதில் இல்லை என்று புலம்பாதீர்கள். சங்கத்தில் முழு நேரமாக இருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு மேலாளர். உங்களைப் போல எத்தனையோ பேரின் கடிதம் அவர் மேசையில் கிடக்கும். குழு உறுப்பினர்கள் வேட்டைக்காரர்கள், வானம் தெளிந்தால் கிளம்பிவிடுவார்கள். ஒரே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: யார் நீங்கள், எதைப் பற்றி யோசிக்கிறீர்கள், எது இன்னும் முடிவாகவில்லை. அனுப்பிய பின் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அடுத்த குழுக் கூட்டம் எப்போது, அதில் பத்து நிமிடம் கிடைக்குமா என்று கேளுங்கள். இதே தலைப்பில் யாராவது ஏற்கெனவே வேலை செய்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரே கேள்வியை ஐந்து குழு வந்து கேட்டுச் சலித்துப்போன ஊர்கள் உண்டு.

அவர்கள் கவலை உங்கள் தலைப்பை வேறு பக்கம் இழுக்கலாம். இழுக்கட்டும். பாஃபின் தீவின் கிளைட் ரிவர் ஊரில், விமான நிலையத்து வானிலை அறிக்கை வேட்டைக்காரர்கள் போகும் இடங்களின் காற்றைச் சொல்வதில்லை என்பது ஊரின் குறை. அதனால் அவர்கள் போகும் பாதைகளில் எங்கெங்கே வேண்டுமென்று அவர்களே சொல்லி வானிலை நிலையங்கள் வைத்தார்கள். ஸ்மார்ட்ஐஸ் திட்டமும் இப்படித்தான், பனி எங்கே மெலிந்திருக்கிறது என்ற பயணிகளின் கவலையிலிருந்து வளர்ந்தது. பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல் இழுத்துப்போகும் மரச் சறுக்குவண்டியில் பனித்தடிமனை அளக்கும் கருவி. அதை ஓட்டுவதும் தகவலை ஊருக்குச் சொல்வதும் உள்ளூர்க்காரர்கள். இரண்டிலும் ஆய்வுத் தரவும் கிடைக்கிறது, காலையில் கிளம்புகிறவருக்கு உபயோகமும் இருக்கிறது.

வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் பக்கத்து ஊரில் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள். செய்தி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டு வருட முதுகலைக்குள் இந்த உறவைப் பூஜ்யத்திலிருந்து கட்டுவது நடக்காத காரியம். உங்கள் பேராசிரியருக்கு ஏற்கெனவே ஓர் ஊரோடு பல வருடப் பழக்கம் இருந்தால் அதற்குள் சேருங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே சேர்த்த தரவை, அதற்கு உரியவர்களின் சம்மதத்தோடு வைத்து வேலை செய்யுங்கள். நேரம் இருக்கிறவர்கள் இப்போதே தொடங்கலாம். உலக நாடுகள் கூடித் துருவ ஆய்வு நடத்தும் அடுத்த சர்வதேசத் துருவ ஆண்டு 2032-33இல் வருகிறது.

காகித வேலை

நுனாவுட்டில் பெரும்பாலான ஆய்வுகளுக்கு விஞ்ஞானிகள் சட்டத்தின் கீழ் ஆராய்ச்சி நிறுவனத்தின் உரிமம் வேண்டும். காட்டு விலங்கு, மீன், தொல்லியல், தேசியப் பூங்கா ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. இனுயிட்டுகளுக்குச் சொந்தமான நிலத்தில் கால் வைக்க அந்த வட்டார இனுயிட் சங்கத்தின் அனுமதி. களப்பணியின் தன்மையைப் பொறுத்துத் திட்ட ஆணையமும் சூழல் தாக்க வாரியமும் பார்க்கும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இதற்கெல்லாம் கூடுதலாக. மேற்கே வடமேற்குப் பிரதேசம் போனால் உரிமம் கொடுப்பது அரோரா ஆராய்ச்சி நிறுவனம். லாப்ரடாரின் நுனாட்சியாவுட்டில் அங்குள்ள இனுயிட் அரசின் ஆய்வு ஆலோசனைக் குழு. மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இதில் மனசு வைத்துச் செய்ய வேண்டியது எளிய மொழிச் சுருக்கம். உரிம விண்ணப்பத்தோடு அதை இனுயிட்டுகளின் இனுக்டிடூட் மொழியிலும் தர வேண்டும். கடைசி நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டும் வேலை இல்லை இது. ஏன் என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. கிளைட் ரிவர் பக்கக் கடலில் எண்ணெய் தேடி நில அதிர்வுச் சோதனை நடத்த ஒரு கூட்டமைப்பு அனுமதி கேட்டது. கடல் விலங்குகளுக்கு என்ன ஆகும் என்று ஊர் கேட்டது. பதிலாக 3,926 பக்க ஆவணம் வந்தது. இணையம் ஊர்ந்து போகும் ஊரில், திறக்கவே முடியாத கோப்பு. சிறு பகுதிதான் இனுக்டிடூட்டில். 2017 ஜூலையில் கனடா உச்சநீதிமன்றம் இதையெல்லாம் கலந்தாலோசனையாக ஏற்க முடியாது என்று அனுமதியை ரத்து செய்தது. சட்டப்படி அது அரசின் கடமை பற்றிய வழக்கு, உங்கள் ஆய்வுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் 40 எம்பி பிடிஎஃப் அனுப்பிவிட்டு, ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்று எழுதும் முன் நினைத்துப் பாருங்கள்.

பட்ஜெட்

ஒரு திட்டத்தில் ஊர்க்காரர்கள் உண்மையில் பங்காளிகளா என்பது முன்னுரையைவிடப் பட்ஜெட்டில் சீக்கிரம் தெரியும். பெரியவர்களுக்கு மதிப்பூதியம், மொழிபெயர்ப்பாளர் சம்பளம், வழிகாட்டிக்கும் கரடிக் காவலுக்கும் நாட்கூலி, ஸ்னோமொபைல் வாடகை, பெட்ரோல், கூட்டத்துக்கு மண்டபம், டீயும் சாப்பாடும், குலுக்கல் பரிசு. ஆமாம், பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் குலுக்கல் பரிசு வைப்பது அங்கே வழக்கம், வெட்கப்படாமல் கணக்கில் எழுதுங்கள். முடிவுகளைச் சொல்வதற்காகத் திரும்பிப் போகும் விமானச் செலவையும் முதல் நாளே சேருங்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போகவே மாட்டீர்கள்.

கூலி எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யாமல் சங்கத்திடம் வழக்கமான விகிதத்தைக் கேளுங்கள். பேசிய அன்றே கொடுங்கள். பல ஊர்களில் வங்கிக் கிளையே கிடையாது. எண்பது வயதுப் பெரியவரிடம், பல்கலைக்கழக இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், எட்டு வாரத்தில் பணம் வரும் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. கிளம்புவதற்கு முன்பே நிதிப்பிரிவோடு இதைப் பேசி முடியுங்கள். அந்தச் சண்டைக்கும் சில வாரம் ஒதுக்கி வையுங்கள்.

கனமான சாமான்கள் கோடையில் மட்டும் வரும் சரக்குக் கப்பலில் போகும். தவறவிட்டால் விமானச் சரக்குக் கட்டணம் கண்ணைக் கட்டும்.

ஊருக்குப் போன பிறகு

உங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கோடை விடுமுறை என்பதால் அவர்களுக்கும் ஓய்வு என்று நினைக்காதீர்கள். வசந்தத்திலும் கோடையிலும் சீல், மீன், வாத்து, நார்வால், பெர்ரி என்று ஊரே வெளியில் இருக்கும். உட்கார்ந்து பேச எந்த மாதம் தோது என்று கேட்டுத் தேதி வையுங்கள். பனிப்புயல் விமானத்தை நாள்கணக்கில் நிறுத்தும், முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள். யாராவது இறந்துபோனால் கூட்டம் தள்ளிப்போகும், முகம் சுளிக்காதீர்கள்.

போனதும் உள்ளூர் வானொலியில் பேச வழி கேளுங்கள். மக்கள் கேட்பதும், தொலைபேசியில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதும் அதில்தான். மொழிபெயர்ப்பாளரோடு முந்தின நாளே உட்கார்ந்து, நீங்கள் கேட்கப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். இந்தக் கேள்வி எங்கள் மொழியில் வேறு மாதிரி ஒலிக்கும் என்று அவர் சொன்னால், மாற்ற வேண்டியது கேள்வியைத்தான்.

பேச்சில் சில பழக்கங்கள் உண்டு. புருவத்தை உயர்த்தினால் ஆமாம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. புதியவர்கள் இதைக் கவனிக்காமல், பதிலே வரவில்லை என்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள், அவர் அப்போதே பதில் சொல்லி முடித்திருப்பார். மௌனத்தையும் நிரப்பாதீர்கள், யோசிக்கிறார்கள். தாங்கள் நேரில் பார்த்ததை, செய்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்பதில் பெரியவர்கள் கறாராக இருப்பார்கள். பனி இருபது வருடத்தில் எப்படி ஆகும் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். நீங்கள் சின்னப் பையனாக இருந்தபோது இந்த விரிகுடாவை எந்த மாதம் கடந்தீர்கள், இப்போது எப்போது கடக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

மேசை நிறைய ஒரு காகித வரைபடத்தை விரித்து வையுங்கள். கேள்வித்தாளை வைத்து ஒரு மணி நேரம் இழுத்தாலும் வராதது, பென்சிலைக் கையில் கொடுத்தால் வரும். இந்த முறையின் வலு சின்னதல்ல. இனுயிட் வேட்டைக்காரர்கள் தங்கள் வேட்டைப் பாதைகளை வரைந்து காட்டிய பெரிய நிலப் பயன்பாட்டு ஆய்வு 1976இல் வெளிவந்தது. பின்னாளில் நுனாவுட் நில உரிமைப் பேச்சுவார்த்தைக்கு அது அடித்தளமானது.

வெளியில் போகும்போது வழிகாட்டிதான் தலைவர். அவர் திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டும், உங்கள் கடைசி மாதிரி எடுக்கும் இடம் இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் சரி. விலங்கு ஆய்வில் முறையைப் பற்றியே ஆட்சேபம் வரும். ஹெலிகாப்டரில் துரத்தி, மயக்க மருந்து செலுத்தி, கழுத்தில் பட்டை மாட்டுவதைப் பல வேட்டைக்காரர்கள் விரும்புவதில்லை. கரடி அலைக்கழிகிறது, மருந்து ஏறிய இறைச்சியைச் சாப்பிடுவது எப்படி என்பது அவர்கள் கேள்வி. அந்த எதிர்ப்பும் ஒரு காரணமாக, ரோமமும் எச்சமும் சேகரித்து மரபணு பார்க்கும் முறைகள் வளர்ந்தன. சீல், மீன் ஆய்வுகளில் இன்னும் சுலபமான வழி உண்டு: எப்படியும் வேட்டையாடப்போகிறவர்களிடம் மாதிரிப் பெட்டியைக் கொடுத்து, தாடையும் தசைத் துண்டும் அனுப்பச் சொல்லி, அதற்குப் பணம் தருவது.

தரவு யாருக்கு, பெயர் யாருக்கு

கனடா இனுயிட்டுகளின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீட் கனதாமி 2018இல் ஆய்வு பற்றிய தன் வியூகத்தை வெளியிட்டது. தங்களைப் பற்றிய தரவை அணுகுவதும் அதன் உரிமையும் கட்டுப்பாடும் தங்களிடம் இருக்க வேண்டும் என்பது அதன் ஐந்து முன்னுரிமைகளில் ஒன்று. அதை முதலிலேயே கட்டாயம் படியுங்கள். ஒலிப்பதிவு எங்கே இருக்கும், யார் கேட்கலாம், சம்மதத்தைப் பின்னால் திரும்பப் பெறலாமா, நீங்கள் படிப்பை முடித்த பிறகு அது என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். நல்ல மீன் கிடைக்கும் இடத்தைத் துல்லியமான ஆயத்தொலைவோடு திறந்த தரவுத்தளத்தில் போட்டால், நாளை அங்கே வெளியூர்ப் படகு நிற்கும். சானிகிலுவாக் ஊரை மையமாகக் கொண்டு உருவான சிகு செயலியைப் பாருங்கள். பதிவு செய்பவரே தன் பதிவை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிறார்.

பெயர் விஷயத்தில் நெறிமுறைக் குழுவின் பழக்கம் உங்களைத் திசைதிருப்பும். எல்லோரையும் அடையாளம் தெரியாமல் எழுதுவதுதான் பாதுகாப்பு என்பார்கள். தன் அறிவுக்குத் தன் பெயர் வர வேண்டும் என்று நினைக்கும் பெரியவரை 'பங்கேற்பாளர் 7' ஆக்குவது அவமரியாதை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். 1840களில் ஆர்க்டிக்கில் காணாமல்போன, ஜான் ஃபிராங்க்ளின் தலைமையிலான பிரிட்டிஷ் கடற்படைப் பயணத்தின் டெரர் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ தேடல் நடந்தும் அகப்படவில்லை. ஜோ ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கோக்விக், சில வருடம் முன்பு ஒரு விரிகுடாவில் பனியிலிருந்து ஒரு மரக்கம்பம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று ஆய்வுக் கப்பலில் சொன்னார். 2016 செப்டம்பரில் அந்த விரிகுடாவிலேயே கப்பல் கிடைத்தது. அவர் பெயரோடுதான் செய்தியும் வந்தது. கேள்வியை வடிவமைப்பதிலும் முடிவை விளக்குவதிலும் பங்கெடுத்தவர்களுக்கு இணையாசிரியர் இடம் கொடுங்கள், நன்றியுரையோடு நிறுத்தாதீர்கள்.

முடிவுகளோடு திரும்பிப் போவது

கட்டுரை அச்சேறும் முன் முடிவுகள் ஊருக்குப் போக வேண்டும், அவர்கள் திருத்தம் சொன்னால் சேர்க்க இடம் இருக்கும்போதே. உடல்நலம், உணவு சம்பந்தப்பட்டதென்றால் இன்னும் எச்சரிக்கை. 1980களின் கடைசியில், கியூபெக்கின் வடக்கிலுள்ள இனுயிட் பகுதியான நுனாவிக்கின் தாய்மார்களின் பாலில் பிசிபி ரசாயனம் தெற்குக் கனடாவைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு இருப்பது தெரிந்தது. எங்கோ தொழிற்சாலைகளில் கிளம்பிக் கடல் விலங்குகளின் கொழுப்பில் சேர்ந்த நஞ்சு அது. இப்படி ஒரு செய்தி தலைப்புச் செய்தியாக மட்டும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? தாய்ப்பாலை நிறுத்தலாமா, சீல் இறைச்சியை விடலாமா, விட்டால் கடையில் கொள்ளை விலைக்கு விற்கும் பொட்டலங்களைச் சாப்பிடுவதா? அதனால்தான் வட்டார சுகாதார அமைப்போடு முதலில் உட்கார்ந்து, எண்ணோடு ஆலோசனையும் சேர்ந்து போகும்படி செய்ய வேண்டும்.

வடிவம் எளிமையாக இருக்கட்டும். சங்கத்தின் குழுக் கூட்டத்தில் இருபது நிமிடம், வானொலியில் ஒரு பேச்சு, கூட்டுறவுக் கடைச் சுவரில் ஒட்ட இனுக்டிடூட்டில் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம். உரிமம் தந்த நிறுவனத்துக்கு ஆண்டுச் சுருக்கத்தை அனுப்ப மறக்காதீர்கள், நிபந்தனைகளில் அதுவும் ஒன்று.

அப்புறம், பட்டம் வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போகும்போது சங்க மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: இனி இந்தத் திட்டத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், ஒலிப்பதிவுகளின் பிரதி யாரிடம் இருக்கிறது, மலையில் விட்டுவந்த கருவியை யார், எந்தக் கோடையில் எடுத்துப்போவார்கள் என்று.